கால்வாயில் நான் கொட்டிய மண்

சேசு மரி சூசை துணை

அதியமான்கோட்டை
17-9-1971

அன்பு மகன் அருள்நாதனுக்கு அப்பா மரியசூசை ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் தங்கை சகாயமேரியும் மாதாவின் தயவில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பிலாயில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை சொல்லுகிறோம். சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. இந்தக் கடிதத்தை வேலை இடத்தில் நின்றுகொண்டு படிக்காதே, அறைக்குப் போய் உட்கார்ந்து படி. பக்கத்து வீட்டு மாதுவின் பெண்சாதி, நம் செல்லம்மாள், போன சனிக்கிழமை இறந்துபோனாள். உன் அம்மா காட்டிலிருந்து திரும்பும்வரை உனக்குக் களியும் கீரையும் போட்டு வளர்த்தவள், நீ அத்தை அத்தை என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள். அவள் சாவுக்குக் காரணம் நான்.

நீ அனுப்பிய பிளான்படி நம் மூன்று வீடும் வரிசையாக எழும்பி ஓடும் மேய்ந்தாயிற்று என்று போன மாதமே எழுதியிருந்தேன். மூன்று கூரைத் தண்ணீரும் மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீரும் வாசல் முன்னால் சேர்ந்து, தெருவைக் குறுக்கே கடந்து ஓடைக்குப் போகும்படி நீ போட்ட கால்வாயையும் கொத்தனார் குப்புராஜ் வாட்டம் பார்த்து வெட்டி முடித்தான். தெருவைக் கடக்கும் இடத்தில் மேலே மூடக் கல்பலகை மட்டும் வந்து சேரவில்லை. பலகை வரும்வரை அந்தப் பள்ளத்தை ஒரு நாள்கூட அடைக்காதீர்கள் என்று நீ சிவப்பு மசியில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தாய். வாத்தியார் மாதிரி அப்பனுக்கே கோடு போடுகிறான் பார் என்று உன் அம்மாவிடம் காட்டிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது நெஞ்சை அறுக்கிறது.

எட்டாம் தேதி மாதா திருவிழா. சப்பரம் நம் தெரு வழியாகத்தானே வரும். தோளில் தூக்குகிறவர்களுக்குக் காலடி தெரியாது, வெறுங்கால் வேறு, பள்ளத்தில் ஒருவன் இடறினால் சுரூபமே சாய்ந்துவிடும். அதனால் முந்தின நாள் நானே நின்று அந்த இடத்தை மண்போட்டு நிரப்பி, திமிசுக்கட்டையால் இடித்துத் தெருவோடு மட்டமாக்கினேன். சப்பரம் நல்லபடியாகப் போயிற்று. மறுநாள் காலையிலேயே குப்புராஜ் மண்ணை எடுக்கக் கடப்பாரையோடு வந்தான், நான்தான் திருப்பி அனுப்பினேன். மாதா கடந்து போன மண், மறுநாளே அதில் கடப்பாரை போட எனக்கு மனம் ஒப்பவில்லை, திருவிழா கழிந்து எட்டாம் நாள் பூசை முடியட்டும் என்றேன். வானமும் வெறுமையாகக் கிடந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பென்னாகரம் பக்கம் வானம் கறுத்து வந்து ஒரு மணி நேரம் மழை கொட்டித் தீர்த்தது. தண்ணீர் கால்வாயில் ஒழுங்காக இறங்கி வந்து, நான் இடித்து வைத்த மண்ணில் முட்டித் திரும்பி, தாழ்வில் இருக்கும் மாது வீட்டு மண்சுவர் அடியில் போய்த் தேங்கிவிட்டது. கேழ்வரகுப் பானையைப் பரண்மேல் தூக்கி வைக்கச் செல்லம்மாள் உள்ளே போயிருக்கிறாள். சுவர் உள்பக்கமாக விழுந்தது. சத்தம் கேட்டபிறகுதான் எனக்குப் புத்தி வந்தது, மண்வெட்டியோடு ஓடி அந்த மண்ணை வாரி எறிந்தேன். அருள், திறந்துவிட்டதும் அத்தனை தண்ணீரும் வெற்றிலை போடுகிற நேரத்தில் வடிந்துவிட்டதடா. அவ்வளவு சின்ன வேலை அது.

இஞ்சினீரு புள்ள நாலு பக்கமும் தானா போன தண்ணிய ஒரே பக்கம் கூட்டி வுட்டு வூட்டையே சாய்ச்சுட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. உன்மேல் விழுந்த பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன், ஜனங்கள் அதைத் துக்கம் என்று நினைத்தார்கள். திங்கட்கிழமை பால் தெளித்துவிட்டு வந்தபிறகு எல்லார் முன்னாலும் மாதுவிடம் சொன்னேன், கால்வாய்மேல் தப்பில்லை, மகன் வேண்டாம் என்று எழுதியும் அடைத்தவன் நான் என்று. அவன் அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. மாது தரையைப் பார்த்துக்கொண்டே, தெரியுமுங்க, நானும் அவளுந்தானுங்க உங்களோட கூடை கூடையா மண்ணு செமந்து கொட்டனோம், சாமி வருதுன்னு அவதான் மேல தண்ணி தெளிச்சுக் கூட்டுனா, என்றான்.

நேற்று மத்தியானம் மறுபடி மழை. நான் கால்வாய்க்கு இந்தப் பக்கமும் அவன் அந்தப் பக்கமுமாக நனைந்துகொண்டே நின்றோம். நீ கோடு போட்டபடியே எல்லாத் தண்ணீரும் வந்து தெருவைக் கடந்து ஓடைக்குப் போயிற்று, ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. மாது குனிந்து பார்த்துவிட்டு, நல்லாத்தான் போவுதுங்க, என்றான். நம் நடு வீட்டில் வந்து இரு என்றேன், அவ இல்லாம ஓட்டு வூடு எதுக்குங்க என்று இடிந்த சுவருக்குப் பக்கத்திலேயே கீற்றைச் சாய்த்துக் கிடக்கிறான்.

அங்கே குளிர் ஆரம்பித்துவிடும், கம்பளியை வெயிலில் போட்டு எடுத்து வை. அங்கே கோவில் சாமியாரிடம் அத்தைக்கு ஒரு பூசை வைக்கச் சொல். மறக்காமல் எனக்கு எழுதுவதற்கு முன்னால் மாதுவுக்குக் கடிதம் எழுது. அவனுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். என்னைப் பற்றி உனக்கு என்ன தோன்றுகிறதோ அதையும் அதிலேயே எழுது, ஓர் எழுத்து விடாமல் அவன் முன்னால் வாசிக்கிறேன்.

தேவமாதா உன்னைக் கைவிடாமல் காப்பாளாக.

உன் அப்பா
அ. மரியசூசை