சூரியனைப் பிடித்து வையுங்கள்

மார்ச் 2

என் அருமை மருமகளே,

சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே வாசல் காக்கும் உன் மாமன் எழுதுவது. பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி எங்கள் செயற்கைக்கோள் நிற்கிறது. சூரியன் தும்மினால் முதலில் அதன் முகத்தில்தான் தெறிக்கும். அது என் காதில் ஓதும். நான் உலகத்துக்கே குடை பிடிப்பேன். நான் கண் அயர்ந்தால் ஏழு கண்டமும் இருண்டுவிடும்! கேன்டீன்காரர் மட்டும் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

உன் அம்மா, என் அக்கா, இன்னும் ஆஸ்பத்திரியில்தான். "இவன் அளந்து விட்டே என்னைக் கொன்னுடுவான்" என்று நர்ஸிடம் என்மேல் புகார். நேற்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் எதையும் ஊதிப் பெரிதாக்குகிற ஆள்தான். இதை ஊதவில்லை. உடனே கிளம்பி வா.

இப்படிக்கு,
சூரிய மண்டலத்தின் தலைமை வாசற்காவலன்


மார்ச் 4

மாமா,

நாளைக்கு ஏறுகிறேன். வட துருவத்துக்கு மேலே போகிற விமானம். சுற்று வழியைவிடச் சீக்கிரம் வந்துவிடும். நான் வரும்வரை உங்கள் அளப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள் அம்மாவை. நீங்கள் அதுவரை உங்கள் சூரியனைப் பிடித்து வையுங்கள்.

மருமகள்


மார்ச் 19

மாமா,

சாவு வீட்டில் வைத்துக் கேட்க வாய் வரவில்லை. திரும்பி வந்து எழுதுகிறேன்.

சூரியக் காற்று எச்சரிக்கை, துருவத்தில் ரேடியோ எடுக்காது என்று பாதி வழியில் எங்கேயோ இறக்கிவிட்டார்கள். ஒரு பகல் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலி. வந்து சேர்ந்தபோது அம்மா இல்லை. கடைசியில் ஒரு ரேடியோவும் கெடவில்லையாமே?

அந்த விமானத்தில் நான் இருக்கிறேன் என்று தெரிந்தேதான் எச்சரிக்கை அனுப்பினீர்களா? அளக்காமல் சொல்லுங்கள்.


மார்ச் 22

கண்ணு,

தெரிந்தேதான்.

சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கே திரும்பியிருந்தது. தெற்கே என்றால் பூமியின் கதவு திறந்துகொள்ளும், புயல் உள்ளே வந்துவிடும். வடக்கே என்றால் உரசிக்கொண்டு போய்விடும். செயற்கைக்கோளைத் தொடும்வரை எது என்று யாருக்கும் தெரியாது. தொட்டபின் எங்களுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. விமானத்தில் இருந்த அத்தனை பேரையும் நினைத்து அனுப்பினேன் என்றால் அது அளப்பு. உன்னை நினைத்துத்தான் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் காந்தப்புலம் வடக்கே திரும்பிக்கொண்டது.

ஷிப்ட் முடிந்து ஓடினேன். "வந்துட்டாளாடா?" என்றாள் அக்கா. "பிளேன் இறங்கிடுச்சுக்கா. இதோ, வாசலுக்கு வந்துட்டா" என்றேன். பிறந்ததிலிருந்து நான் சொன்ன ஒன்றையும் அவள் நம்பினதில்லை. அன்றைக்கு நம்பினாள். கதவையே பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

மாமா


ஜூலை 8

கண்ணு,

பதில் கேட்டு எழுதவில்லை. அக்காவின் அறையைப் பூட்டியே வைத்திருக்கிறேன். உன் சாமான் எதையும் தொடவில்லை.

இன்றைக்குக் காற்று அமைதி. துருவ வழி திறந்திருக்கிறது. சும்மா, சொல்லத் தோன்றியது.

மாமா