வெள்ளிப் பள்ளத்து உரைகல்

9 பிப்ரவரி 1976

இன்றும் பள்ளத்தில் தண்ணீர் இறைப்பு. அதைத் தண்ணீர் என்று எழுதவே கூசுகிறது. துருவைக் கரைத்த கஷாயம். அடியில் வௌவால் எச்சம், செத்த ஓணான், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் வெள்ளி தோண்டிக் கைவிட்ட இடமாம். பிள்ளைப்பாக்கத்தில் இந்தப் பள்ளத்தின் பேரைச் சொன்னாலே எல்லோருக்கும் எச்சில் ஊறும். ஒரு தரம் இறங்கிப் பார்க்கட்டும், ராச்சோறு இறங்காது.

சர்க்கார் சர்வே ஆபீசர் ரகுபதி சாரிடம், "வெள்ளி எங்க சார்? எனக்கு ஒரு அரைஞாண் அளவுக்குக் கெடச்சா போதும்" என்றேன். டார்ச் அடித்துக் காட்டினார். கரும்பாறைக்கு நடுவே வெங்கச்சாங்கல் வெள்ளையாக, நரம்பு போல ஓடுகிறது. அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒரு மினுக்கம். தட்டினால் சின்னச் சின்னப் பெட்டியாகவே உடைகிறது. கையளவு துண்டுதான், கனமோ கனம்.

"இது ஈயக்கல், எல்லப்பன். வெள்ளி இதுக்குள்ள கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கை கழுவாம சாப்பிடாதீங்க."

"இந்தக் கையக் கழுவினா சோப்பு அழுக்காயிடும் சார்" என்றேன். பாறையைத் துளைக்கும் மிஷின்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

18 பிப்ரவரி

பேரனுக்கு மூன்றாம் மாதம். என் மூஞ்சியைப் பார்த்தாலே சிரிக்கிறான். "நைனா, சும்மா சும்மா கோணங்கி காட்டாத, விக்கல் எடுக்குது" என்று அம்சவல்லி கோபித்துக்கொண்டாள். பிரசவத்துக்கு வந்த பெண் என்னையே அதட்டுகிறாள். நல்லாத்தான் இருக்கிறது.

27 பிப்ரவரி

சர்வே முடிந்தது. மலையையே உருக்கினாலும் செலவுக்குக் கட்டாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பாறைக்குள் மிஷின் விட்டுத் துளைத்தெடுத்த உருளைக் கற்கள் மட்டும் பெட்டி பெட்டியாகக் கொட்டகையில் கிடக்கின்றன. லாரி வரும்வரை நான்தான் காவல்.

என் பெண்டாட்டி செங்கமலத்தின் தம்பி தசரதன் வந்து எட்டிப் பார்த்தான். "இன்னா மாமா இது, குழவி குழவியா கீது?"

"உன் மண்டையில வெச்சி மசாலா அரைக்கத்தான், மச்சான்."

சிரித்தான். ஆனால் ஒரு கல்லை எடுத்தவன் கீழே வைக்கவே இல்லை. சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பவன் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

8 மார்ச்

ஆபீசர் போனதும் ஊரே கடப்பாரையோடு பள்ளத்தில். அண்ணன் தோண்டின இடத்தில் தம்பி நிற்கக்கூடாதாம், அடிதடி. மஞ்சளாகப் பளபளக்கும் ஒரு கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு ஒருத்தி ஓடுகிறாள், தங்கமாம். அடுப்பில் போட்டால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் கல் அது. சொன்னால் கேட்கவில்லை. வெளிக்கும் அங்கேயே ஒதுங்குகிறார்கள், அங்கேயே தோண்டுகிறார்கள். சீ.

12 மார்ச்

பேரன் பால் குடிப்பதில்லை. குடித்ததையும் கக்குகிறான். வயிறு இறுகிக் கிடக்கிறது. செங்கமலம் ஜாதிக்காய், வசம்பு என்று கல்லில் உரைமருந்து உரைத்துக் கொடுக்கிறாள். சாதாரணச் செரியாமைதானாம்.

15 மார்ச்

கொட்டகைக்குப் பின்பக்கம் கீற்றைப் பிரித்திருக்கிறார்கள். பெட்டிகளில் கல் குறைகிறது. மினுக்கம் அதிகம் உள்ளதையாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறான், எவனோ. எவன் என்று எனக்குத் தெரியாதா? தசரதன் வீட்டுக்குப் போனேன். குன்றத்தூரில் வியாபாரமாம், வர நேரமாகுமாம். என்ன வியாபாரம் என்று கேட்டால் அவன் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

பேரனுக்கு இன்றைக்கு இரண்டு வேளை உரைமருந்து. அப்படியும் அழுகை நிற்கவில்லை. அழக்கூடத் தெம்பில்லாத அழுகை.

19 மார்ச்

எழுத முடியவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். செங்கமலம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஜாதிக்காயை உரைத்துக்கொண்டிருந்தாள். வட்டமான கல். புதுசு. தாய்ப்பாலில் உரைத்த மருந்து வெள்ளையாக அல்லவா இருக்கும்? ஈயப் பென்சிலைக் கரைத்த மாதிரி கறுப்பாக மினுமினுத்தது. பிள்ளையின் உதட்டிலும் அதே மினுக்கம்.

"ஏதுடி இந்தக் கல்லு?"

"தம்பி குடுத்தான். வெள்ளிக் கல்லாம். கொழந்தைக்குப் பொன் ஒரசிக் குடுக்கறோம் இல்ல, அதுமாதிரி வெள்ளியும் நல்லதுதான? நீ நக்கலடிப்பேன்னுதான் சொல்லல."

அடிப்பாவி. வெள்ளி எங்கடி கீது அதுல? ஈயம்டி, ஈயம்! கேட்கக் கேட்கச் சொல்கிறாள்: அவள் தம்பி கொட்டகை உருளைக் கல்லை ரம்பத்தில் வட்டு வட்டாக அறுத்து, தேய்த்து, குன்றத்தூர் மலையடிவாரத்தில் கடை போட்டிருக்கிறான். பிள்ளை பெற்றவள் எல்லாம் வாங்கிப்போகிறாளாம். சொந்த அக்கா வீட்டுக்கு மட்டும் இனாம்.

கல்லைப் பிடுங்கி எறிந்தேன். குழந்தை திடுக்கிட்டுக்கூட அழவில்லை.

20 மார்ச்

மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரி. கல்லைத் தேடி எடுத்துக்கொண்டு போனது நல்லதாயிற்று. டாக்டர் கையில் வாங்கியதுமே கனத்தைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். ரத்தம் எடுத்தார்கள். ஈயம் ஏறியிருக்கிறதாம். ஊசி போட்டால் இறங்குமாம். "பொழச்சிக்குவான். மூளைக்கு எவ்வளவு பாதிப்புன்னு இப்பச் சொல்ல முடியாது. வளர வளரத்தான் தெரியும்" என்றார். அம்மா தொட வந்தால் அம்சவல்லி பிள்ளையை நகர்த்தி வைத்துக்கொள்கிறாள்.

24 மார்ச்

குன்றத்தூர் போனேன். தசரதன் துணி விரித்து, கல்லுக்குக் குங்குமம் வைத்து அடுக்கியிருந்தான். குங்குமம்! நாலு பெண்கள் பேரம் பேசிக்கொண்டு நின்றார்கள்.

"வாங்காதீங்கம்மா. விஷம் அது. ஈயம்."

"வந்துட்டாரு எங்க மாமா" என்றான் அவன் சிரித்துக்கொண்டே. "போன வாரம் இட்லில வெடி கீதுன்னாரு."

எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைப்பாக்கத்துக் கிழவி ஒருத்தி, "இவன் பேச்சக் கேட்டா சிரிச்சி சிரிச்சி வயிறு நோவும், நீ வாங்குமே" என்று எடுத்துக் கொடுக்கிறாள். சத்தியம் என்று கத்தினேன், இன்னும் சிரிக்கிறார்கள். என் பேரன் ஆஸ்பத்திரியில் என்றேன். "பேரன வெச்சிமா தமாசு?" என்று ஒருத்தி முறைத்தாள். என் கண்ணெதிரே இரண்டு கல் விற்றான்.

இத்தனை வருஷம் இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன சம்பாதித்தேன்? அவனைப் பார்த்தால் அருவருப்பு, என்னை நினைத்தால் அதைவிட.

26 மார்ச்

ஆஸ்பத்திரி வாசலுக்குச் சாத்துக்குடிப் பையோடு வந்தான் தசரதன். பேன்ட், சென்ட். செங்கமலம் கூட இருந்தாள். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிற்பாடு எனக்கே நம்பிக்கை வராது.

"ஆனது ஆயிப்போச்சி அக்கா. மீதி கொஞ்சந்தான் கீது. அத வித்துத் தள்ளிட்டு இந்த ஏவாரத்தையே விட்டுர்றேன்."

செங்கமலம் பையை வாங்கவில்லை. அவனையே பார்த்தாள். "தள்ளிட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

28 மார்ச், ஞாயிறு

விடியலிலேயே செங்கமலம் தனியாகக் குன்றத்தூர் பஸ் ஏறிவிட்டாள். நான் பின்னாலேயே அடுத்த பஸ்ஸில் போனேன். கோயில் கூட்டம். தம்பி கடைத் துணிமேல், கல் வரிசைக்கு நடுவில், சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கத்தவில்லை. கல்லை எடுக்க வரும் ஒவ்வொருத்தியிடமும் ஒரே பேச்சு: "இவன் என் கூடப் பொறந்த தம்பி. இந்தக் கல்லுல நானே ஒரசிக் குடுத்தேன். என் பேரன் ஊசி குத்திக்கினு கெடக்கறான்."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. இந்த ஜென்மத்தில் அவள் விளையாட்டுக்குப் பேசி யார் கேட்டிருக்கிறார்கள்? மத்தியானத்துக்குள் வாங்கிப்போனவர்களே ஓடி வந்து கொட்டினார்கள். ஒருத்தி, இடுப்பில் பிள்ளை, கல்லை அவன் காலடியிலேயே போட்டுத் துப்பினாள்.

"வூட்டோட பேசறதத் தெருவுல பேசி மானத்த வாங்கிட்டியே" என்றான் தசரதன். மானமாம்.

"சும்மா நிக்காதய்யா, மூட்ட கட்டு" என்றாள் என்னிடம். கட்டினேன்.

3 ஏப்ரல்

லாரி வந்தது. மூட்டையையும் சேர்த்து ஏற்றினேன். ரகுபதி சார் அறுத்த வட்டுகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். இதை மேலதிகாரிக்கு எழுதினால் என் காவல் வேலை போகும் என்றார். எழுதுங்க சார் என்றேன்.

19 ஏப்ரல்

பேரன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டான். மாசாமாசம் ரத்தம் பார்க்கவேண்டும். பஸ் ஸ்டாண்டில் கோணங்கி காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தான். அம்சவல்லி, "நேரமாவுது நைனா" என்றாள். செங்கமலம் தூரத்திலேயே நின்றுவிட்டாள்.

2 மே

மேலத்தெரு தாயாரம்மாள் மருமகளுக்குப் பெண் குழந்தை. தாயாரம்மாள் தன் பழைய உரைகல்லை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தாள். "எல்லப்பா, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லேன். ஒன்னும் பண்ணாதே?"

இப்போது எல்லோரும் இப்படித்தான் வருகிறார்கள். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். விரலால் அழுத்தித் தேய்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. சாதாரணக் கருங்கல்.

"நல்ல கல்லுதாம்மா."

கல்லை வாங்கிக்கொண்ட பிறகும் அவள் போகவில்லை. நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று, சிரிக்கத் தயாரான முகத்தோடு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.