அது நான் எழுதிய பார்ஸர் இல்லை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மருமகளும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். கோபமாக இருந்தாலும் இந்த வரியை எழுதாமல் எனக்குக் கடிதம் தொடங்க வராது.

அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறார். மேல்வீட்டுக்காரர் மறுபடியும் குழாயை மூடாமல் விட்டு நம் சமையலறைச் சுவர் ஊறிக் கிடக்கிறது, எத்தனை தடவை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அச்சகத்தில் பாடப்புத்தக வேலை குவிந்துவிட்டது, பகலெல்லாம் மெய்ப்புத் திருத்திக் கண் பூத்துப்போய் மாலையில் பல்கலைக்கழகத்துக்கு ஓடுகிறேன். ஓடினேன் என்று எழுத வேண்டும். கம்பைலர் பாடத்தில் நான் தேறவில்லை. அது ஒன்று தேறியிருந்தால் பட்டம் கைக்கு வந்திருக்கும். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பாவின் வாயை நான்தான் கட்டிவைத்திருந்தேன்.

அம்மா போனில் பிடி கொடுத்துப் பேசுவதில்லை என்று மருமகளிடம் குறைப்பட்டாயாம். காரணத்தைக் கேள். கம்பைலர் என்றால் என்ன என்று அப்பா கேட்டபோது, நாம் எழுதுகிற நிரலை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிற இன்னொரு நிரல், அதில் நாம் எழுதியது ஒழுங்காக இருக்கிறதா என்று வாசித்துப் பார்க்கிற பகுதிதான் பார்ஸர் என்றேன். அட, நீ அச்சகத்துல பண்றதுதானே என்றார். அதனாலேயே அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம். மற்றவர்களுடைய பார்ஸர் தப்பைக் கண்டால் பிழை என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். என்னுடையது, இந்த வரியில் அடைப்புக்குறியைத் திறந்தாய், மூட மறந்துவிட்டாய் என்று இடத்தைக் காட்டிச் சொல்லும். உங்க கம்பைலர் எங்கம்மா மாதிரியே பேசுது ஆன்ட்டி என்று பக்கத்து மேசைப் பெண்கள் சிரிப்பார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக நாலைந்து அடைப்புக்குறி வந்தால் மட்டும் அது குழம்பிவிடும்.

உன்னிடம் போனில் அதைத்தான் புலம்பினேன். கடைசியாக ஒரு திருத்தம் போட்டிருக்கிறேன், சோதித்துப் பார்க்கத் தெம்பில்லை, காலையில் ஆசிரியைக்கு அப்படியே அனுப்பிவிடுகிறேன் என்றேன். பிரிண்டர் மக்கர் பண்ணினால் அங்கிருந்தபடியே என் கணினிக்குள் வந்து சரிசெய்வாயே, அந்த வழியாக ராத்திரியே வந்து என் பார்ஸரை எடுத்துவிட்டு நீ எழுதியதை வைத்திருக்கிறாய். நான் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பினேன். எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது என்று பச்சை விழுந்தது. என் திருத்தம்தான் பலித்துவிட்டது என்று நினைத்தேன். அப்பா குழாய்ச் சண்டையை மறந்து மேல்வீட்டுக்காரரிடமே போய்ப் பெருமையடித்தார். உனக்குப் போன் செய்தால், பாத்தியாம்மா, உன்னால முடியும்னு நான் சொன்னேன்ல என்றாய்.

வாய்மொழித் தேர்வில் ஆசிரியை, உன்னைவிடச் சின்னவள், திரையில் ஓர் இடத்தைக் காட்டி இது ஏன் இப்படி என்று கேட்டாள். வேறு யாருடையதையோ திறந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் சமக்குறிகள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக, அளவுகோல் வைத்த மாதிரி நிற்கின்றன. சின்ன வயதில் கணக்கு நோட்டிலும் நீ அப்படித்தான் எழுதுவாய். இது நான் எழுதியது இல்லை என்றேன். அப்ப யார் எழுதினாங்க என்றாள். உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. யாரையோ வச்சு எழுதி வாங்கிட்டாங்க போல என்று பின்னால் வரிசையில் ஒருவன் சொன்னது நன்றாகக் காதில் விழுந்தது. ஊரார் எழுத்தில் எல்லாம் தப்புக் கண்டுபிடிக்கிறவள், அங்கே திருடி மாதிரி நின்றேன்.

அந்தப் பகுதிக்குப் பூஜ்யம். ஆசிரியை இரக்கப்பட்டு, கம்பைலரின் மிச்சப் பகுதிகளைச் செய்ய நானே ஒரு பார்ஸர் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். சிவப்புப் பேனாவால் திருத்த அச்செடுத்து வைத்திருந்த என் பழைய பிரதியைப் பார்த்து மறுபடி முதலிலிருந்து தட்டினேன். இது வீம்பு என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். வீம்புதான். அது பழைய இடத்திலேயே குழம்பியது, நானும் அதோடு கவிழ்ந்தேன்.

நல்லதுக்குத்தானே செய்தேன் என்பாய். நீ எழுதியது நன்றாகவே இருந்தது, அதைக் குறை சொல்லவில்லை. அம்மாவுக்கு எங்கே வித்தியாசம் தெரியப்போகிறது என்று நினைத்தாய் பார், அது என் மனதை அறுக்கிறது. தப்பு எந்த இடத்தில் என்று கேட்டால், நான் சந்தோஷமாகப் போன் செய்தேனே, அந்த இடத்தில். அன்று சாயங்காலம் வரைக்கும் நேரம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னுடையதையே திருப்பி அனுப்பியிருப்பேன்.

அடுத்த பருவத்தில் மறுபடி சேருகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு, மருமகளிடமாவது எதையும் மறைக்காமல் இரு. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், மனஸ்தாபம் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இனி பிரிண்டர் கெட்டால் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன், நீ உள்ளே வர வேண்டாம். கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். கணினி வாங்கிய நாளிலிருந்து அது உன் பிறந்தநாளாக இருந்தது.

இப்படிக்கு,
உன் அம்மா