இழுப்பறையில் இருந்த ஆறு டிஸ்க்

சிம்பாங் அம்பாட்,
6.8.1995

அன்புள்ள வில்லியம் அண்ணனுக்கு,

நூர்ஜான் எழுதுகிறேன். நீங்களும் ரோசலின் அண்ணியும் சுகம்தானே? காலேஜ் வேலை போய் ஆறு மாதம் ஆகிறது. ஒரு வரி எழுதக்கூடாதா அண்ணே?

இப்போது புக்கிட் தெங்கா பேக்டரியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறேன். கிளார்க் வேலை கேட்டுப் போனால், பழைய இடத்தில் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்கிறார்கள். மாணவர் பதிவு அழிந்துபோன அன்று ஆபீசே என்னை முறைத்தபோது, "மறதி யாருக்கும் வரும்லா, விடுங்க" என்று சொன்னது நீங்கள் ஒருவர்தான். நன்றி அண்ணே.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதீர்கள். அந்தப் பதிவை முன்பே ஆறு பிளாப்பி டிஸ்கில் நகல் எடுத்து இழுப்பறையில் வைத்த மாதிரியே எனக்கு இன்னும் இருக்கிறது. நான் எடுக்கவேயில்லை என்கிறார்கள். உம்மாவுக்கு மறதி நோய். எனக்கும் வந்துவிட்டதா? கம்ப்யூட்டர் லேப்பைப் பார்த்துக்கொள்கிறவர் நீங்கள். அந்த டிஸ்குகள் எங்காவது கண்ணில் பட்டனவா?

அன்புத் தங்கை,
நூர்ஜான்


ஜார்ஜ் டவுன்,
20.8.1995

அன்புள்ள நூர்ஜானுக்கு,

வேலை அதிகம், கோபித்துக்கொள்ளாதே. டிஸ்க் எதையும் நான் பார்க்கவில்லை. நடந்ததை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. உம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்,
வில்லியம்


சிம்பாங் அம்பாட்,
3.9.1995

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களே பார்க்கவில்லை என்றால் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. கிளினிக் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், தலையை ஸ்கேன் எடுக்க. பயமாக இருக்கிறது. எனக்காக மாதா கோயிலில் வேண்டிக்கொள்ளுங்கள்.

நூர்ஜான்


ஜார்ஜ் டவுன்,
7.9.1995

நூர்ஜான்,

ஆஸ்பத்திரிக்குப் போகாதே. உனக்கு ஒன்றுமில்லை. நீ நகல் எடுத்திருந்தாய். ஆறு டிஸ்க், உன் கையெழுத்தில் தேதியோடு. இழுப்பறையிலிருந்து அவற்றை எடுத்தவன் நான்.

சீனப் பெருநாள் லீவில் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். சிடி கூட்டாளியிடம் இரவல் வாங்கியது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் சிடி போட வழியில்லை, டிஸ்கில் எழுதித்தான் ஏற்ற வேண்டும்; கம்ப்யூட்டர் எழுந்து நிற்பதற்கான அடிப்படைத் தொகுப்புகளுக்கு மட்டுமே ஆறு டிஸ்க் வேண்டும். கடைகள் மூடியிருந்தன. உன்னுடையதை அழித்து அவற்றை எழுதினேன். பதிவுதான் உன் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, பிறகு நகல் எடுத்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஆபீசில் புதியது உன் கம்ப்யூட்டர்தான். அதில் லினக்ஸுக்குப் பாதி இடம் ஒதுக்கப்போய், முழுவதையும் அழித்துவிட்டேன்.

லீவு முடிந்து காலேஜ் திறந்த அன்று, ஹார்ட் டிஸ்க் தானாகப் போய்விட்டது என்றேன். நீ அந்த இழுப்பறையை எத்தனை தடவை திறந்து பார்த்தாய்! பக்கத்தில் நின்று, மறதி யாருக்கும் வரும் என்றேன். அது ஆறுதல் இல்லை நூர்ஜான். என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னது. போன மாதம்கூடப் பொய்தான் எழுதினேன். உன் முகத்தைப் பார்க்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ரோசலினுக்கும் தெரியாது.

வில்லியம்


சிம்பாங் அம்பாட்,
17.9.1995

திரு. வில்லியம் அவர்களுக்கு,

கடிதத்தை வாசித்ததும் சிரித்தேன், எனக்கு நோய் இல்லை என்று. பிறகுதான் அழுகை வந்தது. ஏழு மாதமாக அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை எழுந்து பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தமிழில் எழுதிவிட்டீர்கள். உங்கள் மனம் லேசாகியிருக்கும். என்னை வெளியே அனுப்பியவர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

நூர்ஜான்


ஜார்ஜ் டவுன்,
25.9.1995

நூர்ஜான் அவர்களுக்கு,

எழுதினேன். இன்று காலை பிரின்சிபால் கையில் கொடுத்து, அவர் வாசித்து முடிக்கும்வரை நின்றேன். லேப் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். தவறு உங்களுடையது அல்ல என்று காலேஜ் உங்களுக்குக் கடிதம் அனுப்பும். வேலை கேட்கும் இடங்களில் அதைக் காட்டுங்கள்.

ரோசலினிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வில்லியம்