கூலருக்குள் நின்ற காற்று

இன்று காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்தச் சத்தம் வந்தது. பெட்டிக்குள் யாரோ குழாய் வைத்து அடியில் கிடக்கும் கடைசித் தண்ணீரை உறிஞ்சுவதுபோல, களக் களக் என்று. நீ போன பிறகு இத்தனை நாளில் அது ஒருநாளும் இப்படிச் சத்தம் போட்டதில்லை. என் கை தானாகப் போய் வயரைப் பிடுங்கிவிட்டது. உன் கட்டில் கிடந்த இடத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

மெஷின் கெட்டால் வேறு வாங்கலாம், தம்பி. இந்தச் சத்தம் இந்த அறையில் முன்பு கேட்ட நாளில்தான் நீ என்னிடம் ஒன்றைச் சொன்னாய். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கினாய். நான்கு வருடமாக அதை அம்மாவிடமிருந்து மறைக்கிறேன். அந்தோனி அண்ணனிடமிருந்தும் மறைக்கிறேன். கடலடியில் மூச்சுவிட அவர் நிரப்பித் தந்த சிலிண்டரில் காற்றுக் குறைந்ததால்தான் உனக்குக் கால் போனது என்று எங்கள் கண்டக்குழியில் இன்னும் சொல்கிறார்கள். உன் அடக்கத்தன்று மலர்வளையத்தோடு வேலிப் படலை வரை வந்தார். "இதைத் தாண்டி உள்ள வராத" என்று அம்மா சொன்னார். நான் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. மலர்வளையத்தை வேலியில் சாய்த்துவிட்டு அவர் திரும்பிப் போனார்.

கடலுக்கு அடியில் கடலட்டை குளிக்கப் போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு சட்டம் தெரியும். மேலே வரும்போது உன் வாயிலிருந்து போகும் சின்னக் குமிழியை நீ முந்தக்கூடாது. முந்தினால் இரத்தத்துக்குள் காற்று முட்டை முட்டையாக நின்றுவிடும். நீ முந்தினாய். வள்ளத்தில் ஏற்றும்போது கதைத்துக்கொண்டுதான் இருந்தாயாம். கரைக்கு வரும்போது இடுப்புக்குக் கீழே உனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நீ யாரோடும் கதைக்கவில்லை. அம்மா ஊட்டினால் இரண்டு வாய், மூன்றாவது வாய்க்குச் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாய். இத்தாலியிலிருந்து லீவில் வந்த பெரியம்மா மகன் தன் பழைய கம்ப்யூட்டரை உனக்கு வைத்துவிட்டுப் போனான். ஐந்து பேர் சேர்ந்து ஆடும் சுடுகிற விளையாட்டு. அங்கே உன் காலைப் பற்றி யாருக்கும் தெரியாது. முதல் கிழமை சும்மா பார்த்தாய். இரண்டாம் கிழமை, கொழும்பில் எங்கோ இருந்த ஒருவனிடம் நீ மைக்கில் கத்தியது அடுக்களை வரை கேட்டது: "டேய், அது என்ன உன்ட அப்பன்ட வள்ளமா, நங்கூரம் போட்டு நிக்கிறாய்? ஓடுடா." அம்மா கையில் இருந்த சோற்றுக் கோப்பையோடு அப்படியே நின்றார். அன்று நீ கோப்பையை நீயே வாங்கிச் சாப்பிட்டாய்.

அதனால்தான் அந்தச் சித்திரையில் மெஷின் சாகத் தொடங்கியபோது எனக்கு அவ்வளவு பயம் பிடித்தது. கூரைத் தகடு பகல் முழுக்கக் கொதிக்கும். யன்னலைத் திறந்தால் உப்புக்காற்று. புரொசசரின் சூட்டை ஆற்றும் பழைய கூலரின் தகடுகள் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போயிருந்தன. சூடு நூறைத் தொடும்போது மெஷின் தானாகவே நின்றுவிடும். அது நின்றால் நீ காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைப்பாய். சக்கரக் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்புவாய். அன்றைக்குச் சோறு இறங்காது. மூன்றாம் தடவை அப்படி நடந்தபோது, இது நிரந்தரமாக நின்றால் நீயும் நின்றுவிடுவாய் என்று எனக்குத் தோன்றியது.

எதற்கும் நான் செய்வதைத்தான் அப்போதும் செய்தேன். வாசித்தேன். நல்லதாக எழுதியவர்களை விட்டுவிட்டு, தண்ணீர்க் கூலர் கசிந்து எல்லாம் எரிந்துபோனது என்று அழுதவர்களை மட்டும் தேடித் தேடி வாசித்தேன்.

"காத்துக் கூலரே வாங்குவம்" என்றேன்.

"எவ்வளவு உயரம்?"

"பதினாறு சென்டிமீட்டர்."

"பெட்டிக்குள்ள எவ்வளவு இருக்கு?"

அம்மாவின் தையல் நாடாவைப் பிடித்து அளந்தேன். "பதினாலு."

"அப்ப மூடியில ஓட்டை வெட்டி, கூலருக்குத் தொப்பி ஒண்டும் தைச்சுப் போடு."

குட்டையான காற்றுக் கூலர்கள் இருந்தன. உன் புரொசசரின் சூட்டுக்கு அவை பத்தாது. மிஞ்சியது தண்ணீர். புரொசசரின் தலையில் ஒரு சின்னப் பம்ப் உட்காரும். அங்கே சூடாகும் தண்ணீர் இரண்டு குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போய், ஃபேன் காற்றில் ஆறித் திரும்பி வரும். அம்மாவுக்கு நீ அதை விளக்கினாய்.

"கரண்டுக்குள்ள தண்ணியா? உங்க ரெண்டு பேருக்கும் விசரா?"

"வள்ளத்து எஞ்சினுக்குள்ள கடல் தண்ணியே ஓடுது, அம்மா."

"எஞ்சின் வீட்டுக்குள்ள உன்ட தலமாட்டில படுக்கிறதில்லயே."

அம்மா சொன்னதுதான் என் பயமும். ஆனாலும் அடுத்த நாள் புத்தளத்துக்கு பஸ் ஏறினேன். கடைக்கார நானா மூன்று பெட்டிகளை மேசையில் வைத்தார். ஒரு ஃபேன், இரண்டு ஃபேன், மூன்று ஃபேன்.

"கசியுமா, நானா?"

"நான் வித்ததில கசியல்ல தங்கச்சி. நாளைக்கும் கசியாது எண்டு சொல்ல நான் ஆர்? அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

"மூண்டு ஃபேன் உள்ளதுதானே கூடக் குளிர்?"

"ஓம். ஆனா நீங்க சொல்ற பெட்டிக்கு மூண்டு வெச்சா ஒண்டு றோட்டில நிக்கும். ரெண்டு போதும்."

"எங்கட பக்கம் உப்புக்காத்து."

"உப்பு ஆரத்தான் விட்டது? மாசத்துக்கு ஒருக்கா பிரஷால தட்டுங்க."

இரண்டு ஃபேன் உள்ளதையே வாங்கினேன். கல்பிட்டி றோட்டில் பஸ் குலுங்கும் ஒவ்வொரு தடவையும் மடியில் இருந்த பெட்டிக்கு அடியில் கை விட்டு ஈரமா என்று பார்த்தேன். பக்கத்தில் இருந்த மனுசி, "உள்ள மீனா பிள்ள?" என்று கேட்டாள்.

பிழை எங்கள் இருவருடையதும். ரேடியேட்டரை எங்கே பூட்டுவது என்று கேட்டேன். எனக்கு ஒரே யோசனைதான்: கசிந்தால் கீழே கசியட்டும், எல்லாவற்றுக்கும் கீழே. உனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. "வள்ளத்தில தண்ணி அடியிலதானே நிக்கும். அள்ளவும் லேசு" என்றாய். கடல் பார்த்து வளர்ந்தவர்கள் வேறு எப்படி யோசிப்போம்? பெட்டியின் அடித்தட்டில் ரேடியேட்டரைப் பூட்டினேன். என் கையிலிருந்து இரண்டு தடவை திருகாணி கீழே விழுந்தது. "அக்கா, அது குண்டு இல்ல, கூலர்" என்று சிரித்தாய்.

பகல் இரண்டு மணி. சுவிட்சைப் போட்டேன். முதலில் ஃபேன் சத்தம். பிறகு உள்ளே களக் களக் என்று தொடங்கியது. நிற்கும் என்று காத்திருந்தோம். நிற்கவில்லை. திரையில் சூடு எழுபது, எண்பது, தொண்ணூறு என்று ஏறியது. உன்னிடம் கேட்பதற்காகத் திரும்பினேன்.

உன் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. கதிரைச் சில்லு இரண்டையும் இறுக்கிப் பிடித்திருந்தாய். கண் திரையில் இல்லை, எங்கோ இருந்தது. "நிப்பாட்டு" என்றாய். "அக்கா, நிப்பாட்டு. நிப்பாட்டு."

வயரைப் பிடுங்கினேன். நீ பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பயப்படுகிறவள் நான். இருட்டுக்கு, நாய்க்கு, கடற்படை ஜீப்புக்கு, இடி மின்னலுக்கு, எல்லாவற்றுக்கும். வீட்டில் ஒரு பயந்தாங்கொள்ளியும் ஒரு வீரனும் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

சில்லிலிருந்து கையை எடுத்துவிட்டு நீ கதைத்தாய்.

"காத்து முடியல்ல, அக்கா."

கூலரைப் பற்றிச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

"சிலிண்டரில காத்து இருந்திச்சு. பாதிக்கு மேல இருந்திச்சு. கீழ மண் கலங்கிட்டு. கையே தெரியல்ல. களக் களக் எண்டு என்ட மூச்சு எனக்கே கேக்குது. எனக்குப் பின்னால ஆரோ மூச்சு விடுற மாதிரி. பயந்து போனன். உதைச்சிட்டு மேல வந்தன். அவ்வளவுதான் நடந்தது."

"அந்தோனி அண்ணன்..."

"எல்லாரும் கேட்டாங்க, காத்து முடிஞ்சிட்டா எண்டு. நான் ஓம் எண்டு தலைய ஆட்டினன். பிறகு எப்பிடித் திருப்பிச் சொல்ல?" என் கையைப் பிடித்து, "அம்மாட்டச் சொல்லாத. ஆரிட்டயும் சொல்லாத. சத்தியம் பண்ணு" என்றாய்.

புனித அன்னம்மாள் சுரூபத்தைக் காட்டிச் சத்தியம் பண்ணினேன். அந்த நேரத்தில் நீ எதைக் கேட்டிருந்தாலும் பண்ணியிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் போனில் தேடி வாசித்தேன். எந்தக் கூலருக்குள்ளும் கொஞ்சம் காற்று அடைபட்டுத்தான் வருமாம். அது எப்போதும் மேலே போய் நிற்கும். ரேடியேட்டரின் தலை உயரத்தில் இருந்தால் அங்கே போய்ச் சும்மா கிடக்கும். பம்ப் உயரத்தில் இருந்தால் பம்புக்குள் போய் நிற்கும். நாங்கள் தண்ணீருக்குப் பயந்தோம், காற்றை மறந்துவிட்டோம். இந்தக் கரையில் அதை மறக்கக்கூடாதவன் நீ.

"கழட்டி முன்பக்கம் பூட்டு. நிமித்தி" என்றாய். பூட்டினேன். ரேடியேட்டரின் தலை பம்புக்கு மேலே வந்தது. பிறகு பெட்டியைக் கட்டிப்பிடித்து ஒரு பக்கம் சாய்க்கச் சொன்னாய். உள்ளே காற்று நகரும் சத்தம் என் நெஞ்சில் கேட்டது. "மெதுவா, அக்கா. அவசரப்படாத. அது போற வேகத்தில போகட்டும்." உன் குரல் உனக்கே சொல்வதுபோல இருந்தது. மறுபடி போட்டபோது சத்தம் ஒரு நிமிடம் இருந்து தேய்ந்தது. சூடு அறுபதில் நின்றது. பின்னேரம் உன் கூட்டாளிகள் எங்கே போயிருந்தாய் என்று கேட்டார்கள். "கடலுக்கு" என்றாய்.

அந்த மெஷின் உன்னை இரண்டு மாரிக்காலம் வைத்திருந்தது. பிறகு காய்ச்சல் வந்தது, சிறுநீரில் கிருமி என்றார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவில்லை. மெஷினில் இப்போது நான் வேலை செய்கிறேன். புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன்.

இன்று காலை தரையில் உட்கார்ந்தபடி மறுபடி வாசித்தேன். பூட்டினது சரிதான், பிழை ஒன்றும் இல்லை. வருடக்கணக்கில் குழாய்ச் சுவர் வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகுமாம். அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளுமாம். அதை வாசித்ததும் எழுந்து அந்தோனி அண்ணனைத் தேடி ஆலங்குடாவுக்குப் போனேன். ஏன் இன்று என்று கேட்காதே. இன்னொரு தடவை யோசித்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

அந்தோனி அண்ணனிடம் இப்போது யாரும் சிலிண்டர் நிரப்பக் கொடுப்பதில்லை. வெள்ளைக்காரர் காற்றில் பறந்து கடலில் சறுக்கும் பட்டங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்குக் கைப்பம்பால் காற்று அடித்துக் கொடுக்கிறார். மணலில் முழங்கால் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "என்ன பிள்ள, அம்மாக்கு ஏதுமா?" என்றார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நீ பயந்ததை, சத்தியத்தை, படலையில் நான் வாய் மூடி நின்றதை.

அவர் பட்டத்தின் வாயை மூடி அடைத்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அவன்ட முதுகில இருந்து சிலிண்டரக் கழட்டினது நான்தானே. மீட்டர் முள்ளு பாதிக்கு மேல நிண்டிச்சு."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"என்னத்தச் சொல்ல? பயந்து எழும்பினான் எண்டா? கால் போய்க் கதிரையில கிடக்கிறவன அதையும் சொல்லிப் பொடியன்கள் பகிடி பண்ணணுமா? நான் அடிச்ச காத்துச் சரியில்ல எண்டா என்ட தொழில்தானே போகும்." பம்பைத் தூக்கி அடுத்த பட்டத்துக்குப் போனார். "போ பிள்ள. அம்மாட்டச் சொல்லாத. அவ அவன நினச்சிட்டு இருக்கிற மாதிரியே இருக்கட்டும்."

அவருக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரிந்திருந்தால் அவரைக் கூப்பிட்டிருப்பாய். கடைசி நாட்களில் இரண்டு தடவை கேட்டாய், "அந்தோனி அண்ணன் இந்தப் பக்கம் வாறவரா?" என்று. இல்லை என்றேன். ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பாய்.

திரும்பி வரும் வழியில் புத்தளத்துக் கடைக்குப் போன் பண்ணிப் புதிது ஒன்று சொன்னேன். தண்ணீர்க் கூலர்தான், இரண்டு ஃபேன். கசியாது என்று இப்போதும் எனக்கு நம்பிக்கை இல்லை. பயந்துகொண்டே பூட்டப் பழகிவிட்டேன்.

உன்னுடையது என்று என்னிடம் மிஞ்சியது நீ அன்றைக்குச் சொன்ன அந்தப் பயம்தான். ஹெட்செட்டையும் சட்டைகளையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பயத்தை நான் ஒருநாளும் கேவலமாக நினைத்ததில்லை. அதைக் கேட்ட பிறகுதான் உன்னைப் பக்கத்தில் உணர்ந்தேன், அதற்கு முன் உன்னைப் பற்றிப் பெருமை மட்டும்தான் இருந்தது. ஆனால் அதை மறைக்க அந்தோனி அண்ணன் தன் நல்ல பெயரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். என்னால் இனி முடியாது, தம்பி. அம்மாவிடமும் சொல்லிச் சத்தியத்தை முழுதாக உடைக்கப் போகிறேன். மன்னித்துக்கொள் என்று உன்னிடம் கேட்கிறேன், அன்னம்மாளிடமும் கேட்டுவிட்டேன்.

அம்மா அடுக்களையில் மீன் வெட்டுகிறார். கத்திச் சத்தம் நிற்கும்வரைதான் இதை எழுதுவது என்று உட்கார்ந்தேன். முதலில் உன் பயத்தைச் சொல்லுவேன். பிறகு படலையில் நின்ற என் பயத்தை. அதற்குப் பிறகு அம்மா என்னை எப்படிப் பார்ப்பார் என்று தெரியவில்லை.

கத்திச் சத்தம் நின்றுவிட்டது.