பின்சில்லுக்கு மேல் மணல் மூட்டை

லொங்குய்ய்,
ஞாயிறு காலை

அன்பு மகள் அஜிதாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை, நிறைந்த மனத்தோடு எழுதுகிறேன். டார்வின் நகரத்துப் புழுக்கத்தில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறோம்.

பிள்ளை, போனில் சொன்னால் குரல் தடுமாறும், அதனால்தான் எழுதுகிறேன். கோடையில் புல்வெட்டும் இயந்திரங்கள் ஏற்றும் எங்கள் பிக்கப், குளிர்காலத்தில் பின்பக்கம் பாரமில்லாமல் வழுக்கும், பின்சில்லுக்கு மேலே மணல் மூட்டை போடுங்கோ, இழுபடாமல் இறுக்கிக் கட்டுங்கோ என்று நீ கார்த்திகை முழுக்கச் சொன்னாய். வியர்த்துக்கொண்டிருக்கிறவள் எனக்குப் பனியைப் பற்றிப் படிப்பிக்கிறாள் என்று முணுமுணுத்தேன். பிறகு ஒருநாள் சிவப்பு விளக்கில் பிறேக் பிடிக்க, வண்டி சுழன்று வந்த பக்கத்தையே பார்த்து நின்றது. நல்ல காலம், ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அன்றைக்கே மணல் வாங்கிக் கட்டினேன்.

போன செவ்வாய் பெரும்பனி. அம்மாவுக்கு டயலிசிஸ் நாள். முந்தின முறையும் தவறியதால் கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வான் வண்டி வராது என்றார்கள், அம்புலன்சும் பிந்தும் என்றார்கள். பிக்கப்பில் ஏற்றினேன். மேம்பால ஏற்றத்தில் முன்னால் போன கார் சிக்கி நிற்க, நானும் நிற்க வேண்டியதாயிற்று. திரும்ப எடுத்தால் சில்லு நின்ற இடத்திலேயே சுழல்கிறது. மிதிக்க மிதிக்கக் கீழே பனி கண்ணாடி மாதிரி இறுகியது. அம்மாதான், "ஒரு மூட்டையை அவிட்டுக் கொட்டலாம் எண்டு பிள்ளை சொன்னவள் எல்லே, இறங்குங்கோ" என்றாள். கிழித்து, முதலில் அந்தக் காரின் சில்லுகளுக்கு அடியில் கொட்டினேன். ஓட்டிவந்த பெண் "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொன்னபடி ஏறிப் போனாள். பிறகு எங்கள் சில்லுகளுக்குக் கொட்டி மெல்ல மிதித்தேன். மிச்ச மூட்டைகள் பின்னால் அமுக்க, வண்டி பிடித்துக்கொண்டு ஏறியது.

இன்னும் பிந்தியிருந்தால் நெஞ்சுக்குள் நீர் நிறைந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் நேர்ஸ் றெபேக்கா சொன்னாள். முடிந்து வெளியே வந்த அம்மா, "பசிக்குதப்பா" என்றாள். எவ்வளவு நாளைக்குப் பிறகு அந்தச் சொல்! இப்போது குசினியில் வானொலியைச் சத்தமாக வைத்து வெங்காயம் உரிக்கிறாள். இந்தச் சத்தத்தை இந்த வீட்டில் வைத்திருக்கிறவள் நீதான், பிள்ளை.

அங்கே இப்போது மழைக்காலம். வெள்ளம் ஓடும் றோட்டில் வண்டியை இறக்காதே. நீ சொன்னதை நான் கேட்டேன், நான் சொல்வதை நீயும் கேள். பிள்ளையார் உன்னைக் காப்பார்.

உன் சொல்லால் குறையில்லாமல் இருக்கும்,
அப்பா மகேந்திரராசா