புதன் கோளுக்குப் பட்டி

வெள்ளி, இரவு.

ஏழாம் வகுப்பு நஸ்ரின் ஈரச் சாந்தில் கோலிகளை எறிந்து எறிந்து, பள்ளம் பள்ளமாய்ப் புதன் கோள் செய்திருந்தாள். பள்ளம் நிறைந்த தரை பழையது, வழவழப்பானது லாவா மூடிய புதுத் தரை என்று நாளைக்குக் கண்காட்சியில் விளக்கவேண்டியவள். மதியம் பள்ளித் தாளாளர் பெயின்டரை விட்டுப் பள்ளமெல்லாம் அடைத்து அதற்குப் பட்டி பார்த்துவிட்டார்.

"பெருங்களத்தூர் ரோடு மாதிரி ஒரே குழி மேடம். பேரண்ட்ஸ் வராங்கல்ல?"

என் நன்றிக்காக வேறு காத்து நின்றார். அவர் மண்டையும் வழவழப்புதான். எதுவும் விழுந்த தடமே இல்லை.

"நாளைக்கு நான் என்ன மிஸ் சொல்றது?" என்றாள் நஸ்ரின்.

"இன்னைக்கு மத்தியானம் லாவா வந்து எல்லாத்தையும் மூடிடுச்சுன்னு சொல்லு."

"லாவா பேரு கேட்டா?"

"சொல்லிடு."

சொல்லிவிடுவாள். திங்கட்கிழமை எனக்கு அங்கே வேலை இருக்குமா, தெரியவில்லை.